ஒன்பது கைகள்

அவனுக்குக் கை வரைய வராது. இதை யாரிடமாவது சொல்லவேண்டும், பக்கத்தில் இருப்பவளிடமாவது சொல்லிவிடவேண்டும் என்று சவரிராயனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மனைவி எமிலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசகசாலை மாடி ஹாலில் ஜன்னல்களைக் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள், வெளியே தூத்துக்குடியின் நாலு மணி வெயில் நின்றுகொண்டிருந்தது, மின்விசிறிகள் உப்புக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டன, முதல் வரிசையில் அவனுடைய பின்மண்டை தெரிந்தது. குகநேசன். முடி கொட்டிவிட்டது, பரவாயில்லை, அதுவாவது கொட்டியிருக்கிறதே. இந்த ஊர்த் திரைப்படக் குழுவினர் நாலு ஞாயிறாக யூத இனப்படுகொலையைப் பற்றிய படங்களைப் போடுகிறார்கள், கூடவே சுவரோரம் கயிறு கட்டிச் சித்திரக்கதைப் பக்கங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள், எல்லாம் அவனுடைய பக்கங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்ததையும் இங்கே முகாமில் கிடந்ததையும் அவன் சித்திரக்கதைப் புத்தகமாகப் போட்டு, அது நாலு மொழியில் போய், இப்போது திருச்சியிலிருந்து ரயிலேறி வந்து ஒவ்வொரு ஞாயிறும் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போகிறான். பேச்சு அவனுக்கு எப்போதும் வரும். கைதான் வராது. நுழையும்போது வாசலிலேயே பார்த்துவிட்டு, அண்ணை என்று வந்து இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டான், அதில் பாசம் இருந்ததா நடிப்பு இருந்ததா என்று இப்போது வரை பிரிக்க முடியவில்லை, உள்ளங்கை இன்னும் சூடாக இருக்கிற மாதிரி பட்டது, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சிவகாசியில் அந்த அறை, ஆறுக்கு எட்டு இருக்குமா, இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆள் உள்ளே வர முடியாது. தொண்ணூறாம் வருஷம். சவரிராயன் அப்போதே பெயர் போட்ட ஓவியர், சித்திரக்கதைப் பத்திரிகையின் அட்டையெல்லாம் அவர்தான், கேப்டன் ரணதீரன் குதிரையிலிருந்து பாய்வதும் எதிரி விமானம் தீப்பிடித்து விழுவதும் அவர் பிரஷ்ஷில் வந்ததுதான். வெளிநாட்டுக் கதைகளின் வசன பலூனுக்குள் தமிழ் எழுத்தை நிரப்புகிற வேலைக்கு ஒரு இலங்கைப் பையன் வந்திருக்கிறான், தங்க இடமில்லை என்று ஆசிரியர் சொன்னபோது, வரட்டும் சார் என்று சொன்னது இவர்தானே, அதை எங்காவது எழுதியிருக்கிறானா. வரைவதைக் கீறுவது என்பான். அண்ணை, இண்டைக்கு ஒரு பக்கம் கீறினன், பாருங்கோ. பார்த்தால் எல்லா ஆட்களும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டிருப்பார்கள், முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார்கள், இல்லையென்றால் முழங்கைக்குக் கீழே ஒரு புதர் வந்துவிடும், புகை வந்துவிடும். ஒருநாள் படகுப் பக்கத்தைக் கொண்டுவந்தான். பக்கம் முழுக்க ஒரே கட்டம், கடல், ஆட்களை அடைத்துக்கொண்டு போகிற படகு, எல்லாம் முடிந்திருந்தது, படகின் விளிம்பில் மட்டும் வெள்ளையாக விட்டிருந்தான். அண்ணை, இந்தக் கைகளை நீங்கள் கீறித் தாங்கோவன் என்றான். ஒன்பது கைகள். சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, தன் இடது கையையே மேஜை விளிம்பில் வைத்துப் பார்த்துப் பார்த்து, ஒன்றுக்கு வயதைக் கூட்டி, ஒன்றுக்கு நகம் பிய்ந்ததாக, ஒரு குழந்தைக் கை, ஒரு கிழவியின் கை, அதில் நரம்பு எழும்பி விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு அவள் பிடித்திருப்பதாக, ஆறு மணிக்கு முடித்தார். அவன் பக்கத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டான். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம்தான் இப்போது புத்தகத்தின் அட்டை. அதே ஒன்பது கைகள். கடையில் நின்றபடியே நன்றிப் பக்கத்தை மூன்று தடவை படித்தார், முகாம் வாசலில் டீக்கடை வைத்திருந்தவரின் பெயர்கூட அதில் இருந்தது.

திரையில் கிழவி ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே சிமெண்டுப் பையிலிருந்து கிழித்த காகிதங்கள், அடுப்புக்கரியில் போட்ட கோடுகள். பதினாலு வயதில் வதைமுகாமில் வரைந்தாளாம், பலகைத் தரைக்குக் கீழே ஒளித்துவைத்தாளாம், குழுவினரே போட்டிருந்த தமிழ் எழுத்து திரைக்கு அடியில் ஓடியது. வரிசையில் நிற்கிற பெண்கள், எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு. முகத்தை வரைந்தால் அவர்களைத் திரும்ப நினைக்க வேண்டி வரும் என்று பயந்தேன் என்றாள். கால்கள் குட்டையாக இருந்தன, தோளும் தலையும் அளவில் சேரவில்லை, சவரிராயனின் கட்டைவிரல் தொடைமேல் தானாக அந்தத் தோளைத் திருத்திப் போட்டது. திருத்திவிட்டு நிமிர்ந்தால் படம் இன்னும் அந்தக் கரிக்கோட்டையே காட்டிக்கொண்டிருந்தது, ஹாலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், நாற்பது பேரும் ஒரு சிறுமி கிறுக்கியதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவருக்குள் வந்தது என்ன என்று பெயர் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தார். ஆனால் அது வந்துவிட்டது. இவளுக்கு வரைய ஒன்று இருந்தது, எனக்கு இல்லை. சே, என்ன நினைப்பு இது, அவள் அம்மா, தங்கை, அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் சாம்பலாகப் போனார்கள், அந்த இடத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒருவன் உண்டா, உண்டு, இதோ நாலாவது வரிசையில் கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நானும்தான் ஜெர்மன்காரர்களை வரைந்திருக்கிறேன். நூறு இருக்குமா, இருநூறு இருக்கும், யுத்தக் கதை என்றால் விற்கும், சிப்பாயை இரண்டு கோட்டில் முடித்துவிட்டு பூட்ஸுக்கு மட்டும் அரை மணி நேரம் செலவழிப்பேன், கறுப்பில் ஒரு வெள்ளைக் கீற்றை விட்டால் பளபளவென்று எழுந்து வரும், வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள், சார் அந்த பூட்ஸ். அந்த பூட்ஸ் எங்கே போய் நின்றது என்று யாரும் வரையச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பழைய கறுப்புவெள்ளைப் படத்துண்டு ஒன்று ஓடியது, ரயிலடியில் அதே பூட்ஸ், அதே கீற்று. நன்றாகத்தான் வரைந்திருக்கிறேன் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் அந்த பூட்ஸுக்கு முன்னால் நின்றவர்கள் கண்ணில் பட்டார்கள்.

எமிலி கன்னத்தைத் துடைத்தாள். அவள் அழுவாள் என்பதே இந்த நாலு வாரத்தில்தான் அவருக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தியவள், அவளுடைய அப்பா அடக்கத்தின்போதுகூட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டு திரிந்தவள். முதல் ஞாயிறு, கூட வேலை பார்த்த ஒரு டீச்சரோடு சும்மா போனாள், வந்து சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அந்த சிலோன்காரர் உங்க பத்திரிகையிலயா இருந்தாரு என்று கேட்டாள். ஒரே ஆபீஸ்தான், கொஞ்ச நாள் என்றார். இரண்டாம் ஞாயிறு அவனுடைய புத்தகத்தை வாங்கி வந்து படுக்கையில் வைத்துப் படித்தாள், மூன்றாம் ஞாயிறு அதை இன்னொரு தடவை. கேப்டன் ரணதீரனைக் கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை புரட்டிவிட்டு, பிள்ளைங்களுக்கு நல்லாருக்கும் என்று சொல்லி மூடியவள். பிள்ளைகளும் இல்லாமல் போனது, ரணதீரனும் பரண்மேல் போனார். இன்றைக்குப் படம் ஆரம்பிப்பதற்கு முன்னால் கயிறு ஓரமாக மெல்ல நடந்துகொண்டு வந்தவள் படகுப் பக்கத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். பக்கத்தில் போய் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தை அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோய், ஏதோ தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி. என் முகத்தை இப்படி ஒருநாள் பார்த்திருக்கிறாளா. பிறகு, இந்த மனுசன் எவ்வளவு பட்டிருப்பாரு என்றாள். மனுசன். அந்த ஒரு சொல்தான் முள்ளாகக் குத்தி நிற்கிறது. நீ பார்த்தது என் கை, எமிலி, அவன் பட்டதைப் பார்க்கவில்லை நீ, என் மேஜை விளிம்பைத்தான் பார்த்தாய். படம் முடிந்ததும் எழுந்து சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார். கோபமில்லாமல், சிரித்த முகமாக, ஒரு சின்னத் தகவல் மாதிரி. அந்த ஒன்பது கையும் நான் வரைஞ்சது. அவ்வளவுதான். ஹால் திரும்பிப் பார்க்கட்டும். அவள் பார்க்கட்டும்.

சிரித்த முகமாக என்று மனசுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கிழவி பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள்தான் எனக்குப் பின்னல் வேலை கற்றுக்கொடுத்தாள், எங்கள் அடுப்பு பழுதானால் அவள் வீட்டில்தான் ரொட்டி சுடுவோம். சிப்பாய்கள் வந்து எங்களை மாடிப்படியில் நிறுத்திவிட்டு, இவர்களைத் தெரியுமா என்று அவளைக் கேட்டார்கள். அவ்வளவாகப் பழக்கமில்லை என்றாள். கிழவி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள் என்று மட்டும் சேர்த்துச் சொன்னாள். சவரிராயன் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து மின்விசிறியில் வைத்தார், மின்விசிறியிலிருந்து கறுப்புத் துணியின் ஓரத்தில் ஒழுகிய வெயிலில் வைத்தார், ரயில் எத்தனை மணிக்கு, குகன் எந்த ரயிலில் திரும்பிப் போவான் என்று யோசித்தார், யோசனை எங்கே போனாலும் சுற்றிக்கொண்டு அந்த அறை வாசலுக்கே வந்து நின்றது. தொண்ணூற்றொன்று மே மாசம். இலங்கைக்காரன் என்றாலே ஊர் நடுங்கிக் கதவடைத்த நாட்கள். காலையில் ஜீப் வந்தது, குகனைக் கூட்டிப்போய் ஜீப்பில் உட்காரவைத்துவிட்டு அவன் பெட்டியைக் கவிழ்த்தார்கள், காகிதங்கள், அதில் படகு. ஒரு அதிகாரி, மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலியில் உட்காரச் சொன்னார். இவனை எப்படிப் பழக்கம்? பழக்கம்னு இல்ல சார், இடமில்லைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, சேத்துக்கிட்டேன். இந்தப் படம் யார் வரைஞ்சது? சட்டைக்குள் வியர்வை முதுகெலும்பு வழியாக இறங்கிய தடம் இப்போதும் தெரிகிறது. அவன்தான் சார். இந்தக் கையெல்லாம்? எல்லாமே அவன் வரைஞ்சதுதான் சார், முழுக்க அவன்தான், எனக்கு ஒண்ணும் தெரியாது. ஜீப்புக்கும் வாசலுக்கும் பத்தடி இருக்காது. அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை, தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் மதில் வைத்த முகாமில் வைத்திருந்தார்கள். நான் வேறு மாதிரி சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா, மாட்டார்கள், என்னையும் சேர்த்துத்தான் ஏற்றியிருப்பார்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், முப்பத்துமூன்று வருஷமாக இந்த வாக்கியத்தை அவர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார். அதே முகாமில்தான் அவன் மிச்சப் பக்கங்களை வரைந்தான். அதாவது அந்தப் புத்தகம். அதாவது நான் அனுப்பிவைத்த இடத்திலிருந்து அவன் கொண்டுவந்ததைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. இது தெரிந்ததும் எரிச்சல் அடங்க வேண்டுமே, அடங்கவில்லை.

விளக்கு போட்டார்கள். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவரையொருவர் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். குழுவை நடத்துகிற பாக்கியநாதன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாராவது பேசலாம் என்று மைக்கை நீட்டினார். சவரிராயன் எழுந்திருக்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். கால் எழுந்துவிட்டது. படம் ஓடிய நேரமெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பழகிய வாக்கியம் அவரைக் கேட்காமல் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தன் பெயரைச் சொன்னார், தானும் சித்திரக்கதை ஓவியர்தான் என்றார், குரல் மைக்கில் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"அந்தப் படகுப் படத்துல இருக்கற ஒன்பது கையும் நான் வரைஞ்சது."

ஹால் முழுக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தது, பிறகு அவரை. எமிலி மட்டும் சுவரைப் பார்க்கவில்லை, கழுத்தை உயர்த்தி இவரையே பார்த்தாள். குகநேசன் முதல் வரிசையிலிருந்து எழுந்து, மைக் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினான்.

"ஓம், அண்ணை சொல்லுறது சரி. அது அவற்ர கைதான். அப்ப கேட்ட ஆக்களிட்டை, எல்லாம் இவன்தான் கீறினது, முழுக்க இவன்தான் எண்டு சொன்னவர். தனக்கெண்டு ஒண்டும் வைக்கேல்லை. அதுதான் நானும் பேர் போடேல்லை."

யாரோ கை தட்டினார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஹால் முழுக்கத் தட்டியது. பாக்கியநாதன், இந்தக் காலத்தில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்கிற கலைஞர் யார் இருக்கிறார்கள் என்று உருகினார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து கும்பிட்டாள். சவரிராயன் குகனின் முகத்தையே தேடினார், குத்திக் காட்டினானா, காப்பாற்றினானா, வார்த்தைக்கு வார்த்தை போலீசிடம் சொன்னதைத்தானே திருப்பிச் சொன்னான், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லையே. அந்த முகத்தில் சுருக்கங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்ததும் எமிலி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். இதற்குத்தான் வந்தார். இதேதான். எடுத்து வாயில் போட்டபின் கெட்டுப்போனது என்று தெரிகிற பண்டம் மாதிரி, துப்பவும் முடியாமல் அதை வைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவள் பேசிக்கொண்டே வந்தாள், அப்படிப் பேசுகிறவள் இல்லை. படகுல அந்தக் கிழவி கைய பாத்தப்பவே எனக்கு என்னமோ செஞ்சுது, இவ்வளவு தெரிஞ்ச கை மாதிரி இருக்கேன்னு நினைச்சேன், ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, நானும் உங்கள ஒண்ணும் கேக்காம இருந்துட்டேன், பரண்ல உள்ளதெல்லாம் நாளைக்கு இறக்குவோம் என்றாள். கடல் பக்கமிருந்து காற்று வந்தது, அவள் முகம் இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. சும்மா இருந்துவிடலாம். இப்படியே இருந்துவிடலாம், குகன் ரயிலேறிப் போய்விடுவான், இந்த முகம் நம்முடையது. பரணிலிருந்து ரணதீரனும் இறங்கிவிடுவார். அவர் நின்றார்.

"கேட்ட ஆளுகன்னு சொன்னானே, அது போலீசு" என்றார்.

அவளுக்குப் புரிய நேரமானது. அவர் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார், ஜீப், நாற்காலி, எனக்கு ஒண்ணும் தெரியாது, இரண்டு வருஷம். குறைத்துச் சொல்லத்தான் ஆரம்பித்தார், சொல்லச் சொல்ல குறைக்க வரவில்லை. எமிலி அவர் கையை விட்டாள். உதறவில்லை, பையைத் தோளில் சரி செய்கிறவள் மாதிரி விட்டாள். நீங்க சொன்னது அவருக்குக் கேட்டுச்சா என்று கேட்டாள். கேட்டது, பத்தடியில்தான் இருந்தான் என்றார். நடுவில் ஒரு பஸ் வந்து நின்று போனது.

"போய் அவர்கிட்ட பேசிட்டு வாங்க. நான் இங்க நிக்கேன்" என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாடியில் நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். குகநேசன் தனியாகக் கயிற்றிலிருந்து பக்கங்களைக் கழற்றி அட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். வாங்கோ அண்ணை என்றான், எதிர்பார்த்தவன் மாதிரி. சவரிராயன் வரும் வழியெல்லாம் கோர்த்து வைத்த மன்னிப்பு படியேறின மூச்சோடு போய்விட்டது, ஏன் அப்படிச் சொன்னே என்று மட்டும் கேட்டார், அதுவே குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்டது. அவன் படகுப் பக்கத்தைக் கையில் எடுத்தான். நீங்கள் எழும்பினதைப் பார்த்தவுடன் ஜீப்பில் இருந்தது மாதிரியே இருந்தது, அன்றைக்குக் கேட்டதே வாயில் வந்துவிட்டது, நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்கும் தெரியவில்லை என்றான். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, கிழவியின் கைமேல் விரலை வைத்தான்.

"இது அம்மா. கடல்ல விட்டுட்டு வந்தனாங்கள். அவவின்ர கையை நான் கீறேல்லை, காட்டிக் குடுத்த ஆள் கீறியிருக்கிறார். முகாமுக்குள்ள இருந்து எத்தினை நாள் இதைப் பாத்துப் பாத்துக் கீறிப் பழகினன் தெரியுமோ. வரேல்லை. இண்டை வரைக்கும் வரேல்லை. உங்கட கையில எனக்கு அவ்வளவு எரிச்சல், அண்ணை."

சவரிராயன் ஏதாவது சொல்ல வேண்டும். மன்னித்துவிடு என்ற சொல் அங்கேதான் இருந்தது, அதைச் சொல்லவும் சொன்னார், குகன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான், ஏற்றுக்கொண்டதாகவும் இல்லை, தள்ளியதாகவும் இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், அரை நொடிக்கும் குறைவாக, எரிச்சல் என்று அவன் சொன்ன உடனே நெஞ்சுக்குள் ஒன்று குப்பென்று பூத்ததே, அது சந்தோஷம். சுத்தமான சந்தோஷம். அவனுக்கு என்மேல் பொறாமை. வீதிக்கு வந்தபோது நிறுத்தத்தில் இன்னொரு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, எமிலி ஏறாமல் அங்கேயே நின்றிருந்தாள். என்ன பேசினிய என்று கேட்பாள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், இந்த ஒன்றை மட்டும் அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்தார்.